மணமுறிவும் பெற்றோர் கல்வியும்: பிரியும் தம்பதியருக்கு அந்த வகுப்பு எதற்கு?

விவாகரத்து வழக்கில் இருக்கும் ஒருவரிடம், "பிள்ளைகள் இருப்பதால் நீங்கள் பெற்றோர் கல்வி வகுப்புக்குப் போக வேண்டும்" என்று சொன்னால் முகம் சட்டென்று மாறும். 'இத்தனை வருஷம் பிள்ளையை வளர்த்தவள் நான், எனக்கே பாடமா?' என்று கோபம் வரும். அல்லது, 'எப்படியாவது எங்களைச் சேர்த்து வைக்கப் பார்க்கிறார்கள்' என்று சந்தேகம் வரும். இரண்டும் இயல்பானவைதான். ஆனால் இரண்டுமே இந்த வகுப்பை வேறு எதனுடனோ குழப்பிக்கொள்வதால் வருபவை.

முதலில் குழப்பத்தைப் பிரித்துவிடலாம். தம்பதியரை மனம் மாற்றும் கவுன்சிலிங்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரிவது சரியா தவறா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. சொத்து, ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது என்றெல்லாம் பேசி முடிக்கும் சமரசப் பேச்சுவார்த்தை தனி. யார் நல்ல பெற்றோர் என்று விசாரித்து நீதிபதிக்கு அறிக்கை தரும் மதிப்பீடும் தனி. இந்த வகுப்பிலிருந்து நீதிமன்றத்துக்குப் பொதுவாகப் போவது ஒரே ஒரு தாள்: இன்னார் வந்து முடித்தார் என்ற சான்றிதழ்.

வகுப்பில் கற்றுத் தருவது ஒரே ஒரு வேலையைத்தான். கணவன் மனைவி என்ற உறவு முடிந்த பிறகும், அம்மா அப்பா என்ற வேலை முடிவதில்லை. அந்த வேலையை இனி இரண்டு வீடுகளிலிருந்து செய்தாக வேண்டும். ஒரே வீட்டில் நன்றாகச் செய்தவர்களுக்குக் கூட இது புதிய வேலை. ஏன் என்று பார்ப்போம்.

## ஷிஃப்ட் மாறும் இரண்டு நர்ஸுகள்

ஆஸ்பத்திரி வார்டில் இரவு ஷிஃப்ட் முடித்துக் கிளம்பும் நர்ஸ், காலையில் வரும் நர்ஸிடம் பொறுப்பை ஒப்படைப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தது, காய்ச்சல் எவ்வளவு, அடுத்த ஊசி எப்போது. இரண்டு நிமிடப் பேச்சு, சார்ட்டில் ஒரு குறிப்பு, முடிந்தது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்காமல் இருக்கலாம். போன வாரம் விடுமுறைக்காகச் சண்டை போட்டிருக்கலாம். ஆனாலும் ஒப்படைப்பு நடக்கும். "அந்த அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நேற்று மருந்தை மறந்துவிட்டார் என்று" என நோயாளியின் வாய்வழியாக யாரும் செய்தி அனுப்புவதில்லை.

ஒரே வீட்டில் வாழும்போது இப்படி ஒரு ஒப்படைப்பு நடப்பதையே நாம் கவனிப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்த பாட்டில் மேசைமேல் இருக்கும், பார்த்தவுடன் தெரியும். பள்ளிச் சுற்றறிக்கை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும். பிள்ளை முகம் வாடியிருந்தால் இருவர் கண்ணிலும் படும். தகவல் தானாகவே பாய்கிறது. வீடு இரண்டானதும் அந்தப் பாய்ச்சல் நின்றுவிடுகிறது. இனி ஒவ்வொரு தகவலையும் யாராவது வாய்திறந்து சொல்லவோ எழுதவோ வேண்டும். அதுவும், எந்த மனிதரிடம் பேசப் பிடிக்கவில்லையோ அவரிடமே.

இந்தப் புதிய வேலைக்கு இணைவளர்ப்பு என்று பெயர்: தம்பதியாக இல்லாத இருவர், ஒரே பிள்ளையைப் பற்றிய தகவல், முடிவு, பொறுப்பு ஆகியவற்றைப் பகிர்ந்துகொண்டு வளர்ப்பது. ‘கோ-பேரண்டிங்’ என்று ஆங்கிலச் சொல்லாகவும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்கு நட்பு அவசியமில்லை, மன்னிப்பும் அவசியமில்லை. ஒப்படைப்பு ஒழுங்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை: வகுப்பு சேர்த்து வைப்பதற்கானது இல்லை, எடைபோடுவதற்கானதும் இல்லை. வீடு இரண்டானதால் அறுந்துபோன தகவல் ஓட்டத்தை, பிள்ளையின் தலையில் சுமத்தாமல் மீண்டும் கட்டுவதற்கான பயிற்சி.

## பிள்ளையைக் காயப்படுத்துவது எது?

'விவாகரத்து ஆனாலே பிள்ளை வாழ்க்கை பாழ்' என்று ஒரு பக்கம் பேச்சு. 'குழந்தைகள் எல்லாவற்றையும் தாங்கிக்கொள்வார்கள், ஒன்றும் ஆகாது' என்று இன்னொரு பக்கம். இரண்டையும் ஆராய்ச்சி ஏற்கவில்லை. அமெரிக்காவின் விர்ஜீனியாவில் உளவியலாளர் மேவிஸ் ஹெதரிங்டன் பல பத்தாண்டுகள் குடும்பங்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். பெற்றோர் பிரிந்த பிள்ளைகளில் ஏறத்தாழ 20 முதல் 25 சதவீதம் பேருக்கு நீடித்த மனநலச் சிக்கல்களோ நடத்தைச் சிக்கல்களோ இருந்தன; பிரியாத குடும்பங்களில் அது சுமார் 10 சதவீதம். அபாயம் இரண்டு மடங்கோ அதற்குச் சற்று மேலோ என்பது உண்மை. நான்கில் மூன்று பிள்ளைகள் நன்றாகவே வளர்ந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை.

அப்படியானால் அந்த நால்வரில் ஒருவரை மற்ற மூவரிடமிருந்து பிரிப்பது எது? பெற்றோர் கல்வியின் அடித்தளமே இந்தக் கேள்விதான். பெரிய காரணங்கள் நான்கு: பெற்றோருக்கு இடையே ஓயாத சண்டை, அதுவும் பிள்ளை கண்முன்னே; மன உளைச்சலால் பெற்றோரின் கவனிப்பு தளர்ந்துபோவது; ஒரு பெற்றோருடன் தொடர்பு அறுந்துபோவது; வருமானம் குறைந்து வீடு, பள்ளி, நண்பர்கள் என எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவது. நான்காவதை வகுப்பால் மாற்ற முடியாது. மற்ற மூன்றும் பெரும்பாலும் பெற்றோர் கையில் இருப்பவை.

முதல் காரணத்தில் கொஞ்சம் நிற்போம், ஏனென்றால் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது அதுதான். 'நாங்கள் பிள்ளை முன்னால் கத்துவதே இல்லை' என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கத்தாமலும் சண்டை பிள்ளை வழியாக ஓடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை. எட்டு வயதுப் பெண் அப்பா வீட்டிலிருந்து திரும்புகிறாள். கதவைத் திறந்த அம்மா சிரித்துக்கொண்டே கேட்கிறார்: "நல்லா இருந்துச்சா? அங்க யாரெல்லாம் வந்தாங்க?" குரலில் கோபமே இல்லை. ஆனால் பிள்ளை ஒரு நொடி யோசிக்கிறாள். அப்பாவின் புதிய சிநேகிதி வந்ததைச் சொன்னால் அம்மா முகம் வாடும். சொல்லாவிட்டால் பொய். அப்பா வீட்டில் சந்தோஷமாக இருந்ததைச் சொன்னால் அம்மா தனியாக இருந்தது நினைவுக்கு வரும். கடைசியில், "ஒண்ணும் இல்ல, போர் அடிச்சுது" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போகிறாள். அம்மாவுக்குக் கிடைத்த செய்தி: அங்கே பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. இதே பிள்ளை அப்பாவிடமும் இப்படி ஒரு பதிலைச் சொல்லியிருப்பாள். அடுத்த வாரம் இருவரும், 'பிள்ளைக்கு உன் வீடு பிடிக்கவில்லை' என்று ஒருவர்மேல் ஒருவர் குற்றம் சொல்வார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை.

இந்த நிலைக்கு விசுவாச நெருக்கடி என்று பெயர்: ஒரு பெற்றோர்மேல் அன்பு காட்டினால் மற்றவருக்குத் துரோகம் செய்வதாகப் பிள்ளைக்குத் தோன்றும் நிலை. இதை உண்டாக்கும் சின்னச் செயல்களைத்தான் வகுப்பில் ஒவ்வொன்றாகக் காட்டுவார்கள். பிள்ளை மூலம் செய்தி அனுப்புவது, அந்த வீட்டைப் பற்றி வேவு கேட்பது, பிள்ளை காதில் விழும்படி போனில் புலம்புவது, பணம் வரவில்லை என்று பிள்ளையிடம் சொல்வது, "நீ யாரோட இருக்க விரும்புற?" என்று கேட்பது. கடைசிக் கேள்வி அன்பாகத்தான் கேட்கப்படுகிறது. பிள்ளைக்கு அது தராசு முள்ளாக நிற்கச் சொல்வது போல.

அந்த அம்மா வேறு என்ன கேட்டிருக்கலாம்? எதுவும் கேட்காமல், "வந்துட்டியா கண்ணு, பையைக் கொடு" என்று முதல் அரை மணி நேரத்தை விட்டுவிடுவதே பல பிள்ளைகளுக்குப் போதும். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மனம் வந்து சேர நேரம் எடுக்கும். பிள்ளை தானாகச் சொல்ல வந்தால், "ஓ, நல்லா இருந்துச்சா" என்று கேட்டுக்கொண்டால் போதும். அந்த வீட்டுச் சந்தோஷத்தை இந்த வீட்டில் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்தாலே நெருக்கடியின் பிடி தளர்ந்துவிடும்.

சுருக்கமாக: பிரிவைக் காட்டிலும் பிள்ளையை அதிகம் காயப்படுத்துவது, நடுவில் நிறுத்தப்படுவதுதான். நடுவில் நிறுத்துவதற்குச் சத்தம் தேவையில்லை.

## வகுப்பில் என்ன நடக்கும்?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஏதாவது ஒரு வடிவில் இந்த வகுப்பு உண்டு. ஃபுளோரிடாவில் சட்டப்படி குறைந்தது 4 மணி நேரம். மனு போட்டவர் மனு செய்த 45 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். டெக்சாஸில் நீதிமன்றம் உத்தரவிட்டால் 4 மணி முதல் 12 மணி வரை. தென் கொரியாவில் 2008 முதல், சம்மத விவாகரத்து கேட்கும் தம்பதிக்குப் பிள்ளை இருந்தால் 3 மாதம் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வழிகாட்டுதல் அமர்வும் உண்டு. சிங்கப்பூரில் கட்டாயப் பெற்றோர் நிகழ்ச்சி 2016 டிசம்பரில் தொடங்கியது. டென்மார்க் 2019-ல் இணையவழியாக ஒரு குறும்பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

இருவரும் பக்கத்தில் உட்கார வேண்டுமோ என்ற பயம் பலருக்கு இருக்கும். பெரும்பாலான இடங்களில் தனித்தனியாக, வெவ்வேறு நாளில் போகலாம். உங்கள் வழக்கின் கதையை யாரும் சொல்லச் சொல்வதில்லை. நல்ல வகுப்பில் மூன்று அடுக்கு இருக்கும். முதலாவது தகவல்: எந்த வயதில் பிள்ளைக்கு என்ன புரியும், எது வலிக்கும். இரண்டாவது பிள்ளையின் கண்ணால் பார்ப்பது. பெரும்பாலும் பிள்ளைகளே பேசும் குறும்படக் காட்சிகள் மூலம். மூன்றாவது பயிற்சி: ஒரு செய்தியை எழுதிப் பார்ப்பது, ஒரு உரையாடலை நடித்துப் பார்ப்பது. மூன்றாவது அடுக்கு இல்லாத வகுப்பு நல்ல சொற்பொழிவாக இருக்கும், வீட்டுக்குப் போனதும் ஆவியாகிவிடும். நீச்சலைப் பற்றிக் கேட்டுவிட்டு ஆற்றில் இறங்குவது போலத்தான்.

## ஒரு செய்தியைத் திருத்திப் பார்ப்போம்

பயிற்சி எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்து விட வேண்டியவர் ஏழேகாலுக்கு வருகிறார். இது மூன்றாவது முறை. இரவு பதினொரு மணிக்கு இந்தச் செய்தி எழுதப்படுகிறது:

"எப்பவும் போல இன்னைக்கும் லேட். உனக்கு உன் வேலைதான் முக்கியம், பிள்ளை பட்டினியா வந்து நிக்கறான். இப்படித்தான் கல்யாணமான நாள்லேந்து. அடுத்த தடவை லேட்டானா வக்கீல்கிட்ட பேசிக்கோ."

இதில் பிள்ளைக்குத் தேவையான தகவல் எவ்வளவு என்று வகுப்பில் எண்ணச் சொல்வார்கள். ஒன்றே ஒன்று: தாமதத்தால் பிள்ளை பசியோடு வந்தான். மற்றதெல்லாம் பழைய கணக்கு. 'எப்பவும்' என்ற சொல்லைப் படித்தவுடன், தாமதமாகாத நாட்களின் பட்டியலோடுதான் பதில் வரும். மிரட்டலுக்குப் பதில் மிரட்டல். நான்காவது செய்திக்குள் பசி என்ற விஷயமே காணாமல் போயிருக்கும்.

திருத்திய வடிவம்:

"இன்று 7.15-க்கு வந்தான், சாப்பிடாமல் இருந்தான். வெள்ளிக்கிழமை 6 மணி கஷ்டமாக இருந்தால் 7 மணி என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வரட்டும். எது சரிப்படும் என்று புதன்கிழமைக்குள் சொல்லவும்."

மூன்று வாக்கியம்: நடந்தது, ஒரு யோசனை, பதிலுக்கு ஒரு நாள். குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அனுப்புவதற்கு முன் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: பத்து வருடம் கழித்து என் பிள்ளை இதைப் படித்தால் எனக்குச் சங்கடமாக இருக்குமா? இன்னொரு நடைமுறை விதி, இரவு எழுதியதை அவசரம் இல்லாவிட்டால் காலையில் அனுப்புவது. ஒரு செய்தியில் ஒரே விஷயம் என்பதும் முக்கியம். மூன்று விஷயம் எழுதினால் எது அதிகம் குத்துகிறதோ அதற்கு மட்டும்தான் பதில் வரும்.

இதில் ஒரு நியாயமான எதிர்ப்பு எழும்: "தப்பு அவர் செய்கிறார், நான் ஏன் பணிந்து எழுத வேண்டும்?" திருத்திய செய்தியில் பணிவு எங்கே இருக்கிறது? கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறது, கெடு வைத்திருக்கிறது. கோபம் நியாயமானதுதான். அதைக் கொட்டும் இடம் நண்பரிடமோ கவுன்சிலரிடமோ இருக்கட்டும். ஒப்படைப்புக் குறிப்பில் வேண்டாம்.

## பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

இன்னும் சொல்லாதவர்களுக்கு இது. முடிந்தால் இருவரும் சேர்ந்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்வது நல்லது. முடிவு உறுதியான பிறகே சொல்ல வேண்டும். 'ஒருவேளை பிரியலாம்' என்பது பிள்ளையை மாதக்கணக்கில் காவல் காக்க வைத்துவிடும். மறுநாள் பள்ளி இல்லாத நாளாக, பிறந்தநாளோ பண்டிகையோ அருகில் இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளவும். இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆண்டும் அந்த நாள் இதை நினைவுபடுத்தும்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும். நாங்கள் இனி ஒரே வீட்டில் இருக்கப் போவதில்லை. இது பெரியவர்கள் எடுத்த முடிவு. நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, நீ எதைச் செய்தும் இதை மாற்ற முடியாது. நாங்கள் இருவரும் எப்போதும் உன் அம்மா, அப்பாதான். இந்த நான்கும் வேண்டும். மூன்றாவது வாக்கியத்தின் இரண்டாம் பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'உன் தப்பில்லை' என்று மட்டும் சொன்னால், சமர்த்தாக இருந்தால் சேர்ந்துவிடுவார்கள் என்ற கனவு மிஞ்சும். சில பிள்ளைகள் அந்தக் கனவுக்காக வருடக்கணக்கில் உழைப்பார்கள்.

ஏன் பிரிகிறோம் என்ற விவரம் வேண்டாம். யார் யாரை ஏமாற்றினார் என்பது பிள்ளைக்கு உண்மையாகத் தெரியாது, சுமையாகத்தான் தெரியும். அதற்குப் பதிலாகப் பிள்ளை மனதில் ஓடும் கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: நான் எங்கே தூங்குவேன், அதே பள்ளிதானா, நாய்க்குட்டி எந்த வீட்டில், நாளை யார் கூட்டிப் போவார்கள். இந்தக் கேள்விகள் பெரியவர்களுக்கு அற்பமாகப் படலாம். பிள்ளையின் உலகமே அவைதான்.

## வயதுக்கு வயது வேறு

கைக்குழந்தைக்குக் காலம் என்ற கணக்கே இல்லை. ஒரு வாரம் பார்க்காவிட்டால் முகம் தூரமாகிவிடும். அதனால் குறுகிய நேரம், அடிக்கடி சந்திப்பு. மூன்று, நான்கு வயதில் பின்னடைவு சகஜம்: படுக்கையை நனைக்காமல் இருந்த பிள்ளை மீண்டும் நனைக்கும், மழலை திரும்பும். 'அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது' என்று உடனே முடிவுகட்டக் கூடாது. மாற்றத்தின் அறிகுறியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சில வாரங்களில் குறையாவிட்டால் மருத்துவரிடம் கேட்கலாம். பழகிய போர்வையோ பொம்மையோ இரண்டு வீட்டுக்கும் கூடவே பயணிக்கட்டும். யார் வாங்கியது என்ற வழக்கு வேண்டாம்.

ஆறு முதல் எட்டு வயதில் வெளிப்படையான துக்கமும் சேர்த்துவைக்கும் கனவும். ஒன்பது முதல் பன்னிரண்டில் நியாயம் அநியாயம் பார்க்கும் வயது. ஒரு பக்கம் சாய்ந்து மற்றவரை வெறுக்கத் தொடங்கலாம். சாய்ந்த பக்கத்துப் பெற்றோருக்கு இது வெற்றி போலத் தோன்றும், ஆனால் பிள்ளை இழந்தது பாதி உலகம். பதின்பருவத்தினரிடம் வேறொரு ஆபத்து: அவர்கள் பெரியவர்கள் போலப் பேசுவதால், பெற்றோர் அவர்களைத் துணையாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிடுவது. பதினைந்து வயதுப் பையன் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லலாம். அம்மாவின் ஒரே ஆறுதலாக இருக்கக் கூடாது.

## வளர்ப்புத் திட்டமும் நாட்காட்டியும்

வளர்ப்புத் திட்டம் என்பது பிள்ளை எந்த நாள் எந்த வீட்டில், யார் எந்த முடிவை எடுப்பது, எப்படித் தகவல் சொல்லிக்கொள்வது என்று எழுதிவைத்த ஒப்பந்தம். பலர் ‘பார்த்து அனுசரித்துப் போகலாம்’ என்று எழுதாமலே விடுகிறார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் எழுதாத ஒவ்வொன்றையும் பிறகு பேசித் தீர்க்க வேண்டும், பேச்சு வளர்ந்தால் சண்டை வளரும்.

இருவரும் சமமாக நாட்களைப் பகிர்ந்தால் பொதுவாக மூன்று அமைப்பு உண்டு. 2-2-3 என்பதில் திங்கள், செவ்வாய் ஒரு வீடு, புதன், வியாழன் மறு வீடு, வெள்ளி முதல் ஞாயிறு மீண்டும் முதல் வீடு. அடுத்த வாரம் தலைகீழ். எந்தப் பெற்றோரையும் 3 நாளுக்கு மேல் பிரிந்திருக்க வேண்டாம் என்பதால் சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. ஆனால் 14 நாளில் 6 முறை வீடு மாற வேண்டும். 2-2-5-5 என்பதில் திங்கள், செவ்வாய் எப்போதும் ஒரு வீடு, புதன், வியாழன் எப்போதும் மறு வீடு, வாரக்கடைசி மட்டும் மாறிமாறி. 14 நாளில் 4 மாற்றம், நீண்ட பிரிவு 5 நாள். 'புதன்கிழமைன்னா அப்பா வீடு' என்று பிள்ளைக்கே மனப்பாடமாவது இதன் சிறப்பு. மூன்றாவது, வாரம் ஒரு வீடு: 2 மாற்றம், 7 நாள் பிரிவு, வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரிப்படும்.

சமப் பகிர்வே நியாயம் என்று இங்கே சொல்ல வரவில்லை. வேலை நேரம், வீடுகளுக்கிடையே தூரம், பிள்ளையின் குணம் எல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்கும். ஆனால் நாட்களை எண்ணும்போது மாற்றங்களையும் எண்ணுங்கள். இருவரும் நேருக்கு நேர் சந்தித்தால் சூடாகிவிடும் என்றால், ஒப்படைப்பைப் பள்ளி வாசலுக்கு மாற்றிவிடலாம்: காலையில் ஒருவர் விடுவார், மாலையில் மற்றவர் அழைத்துப் போவார். சந்திப்பே இல்லை.

இதுவரை: செய்தி சுருக்கமாக, பேச்சு பிள்ளையின் கேள்விகளைச் சுற்றி, நாட்காட்டி வயதுக்கு ஏற்ப, எல்லாம் எழுத்தில்.

## பேசவே முடியாதவர்களுக்கு

சிலரால் மூன்று வாக்கியம்கூடச் சண்டையில்லாமல் பரிமாற முடியாது. அவர்களிடம் 'ஒத்துழையுங்கள்' என்று மீண்டும் மீண்டும் சொல்வதால் தொடர்பு கூடும், சண்டையும் கூடும். அவர்களுக்கு ஏற்றது தனிவழி வளர்ப்பு: ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் தங்கள் விதிப்படி நடத்திக்கொண்டு, தொடர்பை உடல்நலம், பள்ளி, நேர மாற்றம் ஆகியவற்றுக்கு மட்டும், எழுத்து வடிவில் மட்டும் சுருக்கிக்கொள்வது. அந்த வீட்டில் எட்டரைக்குத் தூக்கம், இந்த வீட்டில் ஒன்பதரை என்றால் இருக்கட்டும். பள்ளியிலும் தாத்தா பாட்டி வீட்டிலும் வேறுவேறு விதிகளுக்குப் பழகும் பிள்ளை இதற்கும் பழகிவிடும். ஓயாத சண்டைக்குத்தான் பழகாது.

குடும்ப வன்முறை இருந்த இடத்தில் கதையே வேறு. அடித்தவரோடும் மிரட்டியவரோடும் 'கலந்து பேசி முடிவெடுங்கள்' என்பது ஆபத்தான அறிவுரை. பேச்சுவார்த்தை என்ற பெயரில் பழைய கட்டுப்பாடு தொடரும், ஒப்படைக்கும் நேரமே தாக்கும் நேரமாகலாம். அப்படிப்பட்டவர்கள் வகுப்பில் பதிவு செய்யும்போதே அதைச் சொல்லி, விலக்கோ தனி அமர்வோ கேட்க வேண்டும். நல்ல நிகழ்ச்சிகள் தாமாகவே இதைக் கேட்கும். கேட்காத நிகழ்ச்சியின் இணைவளர்ப்பு அறிவுரைகளை உங்கள் நிலைமைக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்; முதலில் பாதுகாப்புத் திட்டம், வழக்கறிஞர், தேவைப்பட்டால் மேற்பார்வையோடு கூடிய சந்திப்பு.

## வகுப்பு எங்கே தவறுகிறது?

மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். நான்கு மணி நேர வகுப்பை முடித்த பெற்றோர் பெரும்பாலும் திருப்தியோடு போகிறார்கள், பிள்ளையை நடுவில் இழுப்பது குறைந்ததாகச் சொல்கிறார்கள். பிள்ளையின் நலனில் நீண்டகாலத்துக்கு நிற்கும் மாற்றத்துக்கு அவ்வளவு வலுவான சான்று குறுகிய வகுப்புகளுக்கு இல்லை. சான்று வலுவாக இருப்பது நீண்ட பயிற்சிகளுக்கு. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளின் தாய்மாருக்குப் பல வாரங்கள் குழுப் பயிற்சி கொடுத்து, குலுக்கல் முறையில் பிரித்த இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார்கள். 6 ஆண்டுக்குப் பிறகும், 15 ஆண்டுக்குப் பிறகும் பிள்ளைகளிடம் நன்மை தெரிந்தது. அங்கே அதிகம் கற்பித்தது சண்டை தவிர்ப்பது மட்டுமில்லை. பிள்ளையின் பேச்சைக் கவனித்துக் கேட்பது, தனியாக நேரம் ஒதுக்குவது, விதிகளில் உறுதியாக இருப்பது. முன்பு சொன்ன இரண்டாவது காரணம், கவனிப்பு தளர்வது, நினைவிருக்கிறதா? அதற்கான மருந்து இது. பிள்ளையோடு தினமும் 15 நிமிடம், போனைத் தள்ளிவைத்துவிட்டு, பிள்ளை தேர்ந்தெடுத்த விளையாட்டு: இது எந்த வகுப்பும் இல்லாமலே இன்று தொடங்கக்கூடியது.

வகுப்பு பயன்படாமல் போகும் விதங்களும் தெரிந்தவையே. தாமதமாக வருவது ஒன்று. இரண்டு வருடம் வழக்கு நடத்தி நிலைகள் இறுகிய பிறகு வந்தால் எதுவும் உள்ளே போகாது, மனு போட்ட முதல் வாரங்களிலேயே வருவது நல்லது. இணைய வகுப்பில் வீடியோவை ஓடவிட்டுவிட்டு வேறு வேலை பார்த்துச் சான்றிதழ் வாங்குவது இன்னொன்று. ஆனால் மிகவும் பரவலானது, மனதுக்குள் மற்றவருக்காகக் குறிப்பெடுப்பது. 'இது அப்படியே அவர்தான்' என்று ஒவ்வொரு எடுத்துக்காட்டிலும் முன்னாள் துணையைப் பார்ப்பவர், கடைசியில் அந்தக் குறிப்பை வழக்கில் ஆயுதமாக்குவார். 'நீ விசுவாச நெருக்கடி உண்டாக்குகிறாய்' என்ற செய்தியே ஒரு புதிய சண்டை. இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி: வகுப்பு முடிந்ததும், நான் செய்வதில் நிறுத்த வேண்டியது ஒன்று, தொடங்க வேண்டியது ஒன்று என இரண்டே வரி எழுதிக்கொள்வது. அவர் செய்ய வேண்டியதற்கு வரி கிடையாது.

## ஒருவர் மட்டும் வந்தால்?

'அவர் வரவே மாட்டார், நான் மட்டும் போய் என்ன பயன்?' என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. அந்த அரிசோனா ஆய்வில் பெற்றோரில் பயிற்சி பெற்றது தாய்மார் மட்டும்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு வீட்டிலாவது வேவுக் கேள்வி நின்றால், பிள்ளை தயங்காமல் நுழையும் கதவு ஒன்றாவது இருக்கும். கடுமையான செய்தி வந்தாலும் மூன்று வாக்கியத்தில் பதில் போனால், சண்டைக்கு எரிபொருள் பாதியாகும்.

அடுத்த முறை கோபமான செய்தி வரும்போது போனைக் கவிழ்த்து வையுங்கள். அதில் பிள்ளையைப் பற்றிய கேள்வி ஏதாவது இருக்கிறதா என்று காலையில் தேடுங்கள். இருந்தால் அதற்கு மட்டும் பதில்: "சனிக்கிழமை பல் மருத்துவர் 10 மணிக்கு. நான் அழைத்துப் போகிறேன். என்ன சொன்னார் என்று மாலையில் எழுதுகிறேன்." இல்லாவிட்டால் பதிலே தேவையில்லை.